"எத்தனை மணிக்குக் குடிச்சாங்க?" - ஒரு வேதிப்பிணைப்பின் வரலாறு

1/
அரசு மருத்துவமனை காஷுவாலிட்டி. ராத்திரி நேரம். 108 வந்து நிக்கும். கூட வந்தவங்க கத்திக்கிட்டே இறங்குவாங்க: "சார், மருந்து குடிச்சுட்டான் சார்!"

நம்ம ஊர்ல உயிரைக் காப்பாத்துறதும் மருந்துதான், பயிருக்கு அடிக்கிறதும் மருந்துதான். அதனால டியூட்டி டாக்டர் உடனே ரெண்டு கேள்வி கேட்பார். "என்ன மருந்து? எத்தனை மணிக்கு?"

2/
கூட வந்தவங்களுக்குக் கோபம் வரும். "ஆள் இழுத்துக்கிட்டுக் கிடக்கான், இவரு டைம் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு"ன்னு என்கிட்டயே சண்டை போட்டிருக்காங்க. அந்தக் கோபம் நியாயம்தான்.

ஆனா அந்த ரெண்டு கேள்விக்குப் பின்னாடி 170 வருஷ வரலாறு இருக்கு. ஒரு ஆப்பிரிக்க விதை, ஹிட்லர் காலத்து ஜெர்மனி, அங்கிருந்து தப்பிச்சுப் போன ஒரு யூத விஞ்ஞானி, கேரளாவுல நடந்த ஒரு துயரம், இலங்கை எடுத்த ஒரு முடிவு. எல்லாத்தையும் இணைக்கிறது நாம ஒன்பதாம் வகுப்புல மனப்பாடம் பண்ணின வேதிப்பிணைப்பு பாடம். நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

3/
முதல்ல பாடத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்துடலாம்.

சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துடும், குளோரின் வாங்கிக்கும். ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ் ஆகி ஈர்த்துக்கிட்டா அயனிப் பிணைப்பு. நம்ம சமையல் உப்பு.

ரெண்டு அணுவும் எலக்ட்ரானைப் பொதுவில் வச்சுப் பங்கு போட்டுக்கிட்டா சகப்பிணைப்பு. இது உடம்புக்குள்ள லேசுல அறுந்து போகாது.

ஹைட்ரஜன் பிணைப்பு இதை விட வலு குறைஞ்சது. ஒட்டும், சட்டுனு விட்டுடும்.

4/
இப்ப உடம்புக்குள்ள வருவோம். நரம்பு, தசைக்குச் செய்தி சொல்றதுக்கு அசிட்டைல்கோலின்னு ஒரு பொருளை வெளிவிடும். செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடனே அழிச்சாகணும். இல்லைன்னா தசை துடிச்சுக்கிட்டே இருக்கும்.

அழிக்கிற வேலையைச் செய்யறது அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி. ஒரே ஒரு நொதி மூலக்கூறு, ஒரு நொடியில ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலினை வெட்டிப் போடும். வெட்டுற கத்தி எதுன்னா, நொதிக்குள்ள இருக்கிற செரின் என்ற அமினோ அமிலத்தோட ஒரு ஆக்சிஜன் அணு. அந்த ஆக்சிஜனை ஞாபகம் வச்சுக்குங்க. கதை முழுக்க அதைச் சுத்தித்தான்.

5/
கதை ஆரம்பிக்கிறது இன்றைய நைஜீரியாவுல இருக்கிற காலபார் பகுதியில. அங்கே எஃபிக் மக்கள் குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒரு விதையைக் கொடுப்பாங்க. சாப்பிட்டுச் செத்தா குற்றவாளி, வாந்தி எடுத்துப் பிழைச்சா நிரபராதி.

ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழியா அந்த விதை எடின்பரோவுக்கு வந்துச்சு. ராபர்ட் கிறிஸ்டிசன் என்ற பேராசிரியர் 1855-ல அதைத் தானே கொஞ்சம் தின்னு பார்த்தார். தலை சுத்தி, கை கால் ஓய்ஞ்சு போச்சு. முகச்சவரம் பண்ணின தண்ணியைக் குடிச்சு வாந்தி எடுத்துத் தப்பிச்சார். (இதை யாரும் செய்யாதீங்க. ஏன்னு கடைசியில சொல்றேன்.)

6/
1864-ல அந்த விதையிலிருந்து பைசோஸ்டிக்மின் என்ற பொருளைப் பிரிச்சு எடுத்தாங்க. அடுத்த சில வருஷத்துல எடின்பரோவுலயே தாமஸ் ஃப்ரேசர், இந்த விஷத்துக்கு அட்ரோபின் எதிரா வேலை செய்யுதுன்னு விலங்குகள்ல சோதிச்சுக் காட்டினார்.

அந்த அட்ரோபின்தான் இன்னிக்கும் எங்க எமர்ஜென்சி டிரேயில முதல் வரிசையில இருக்கு. ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு அன்னிக்கு யாருக்கும் தெரியாது. நரம்பு ரசாயனத்தாலதான் பேசுதுன்னே தெரியாத காலம் அது.

7/
அதைக் காட்டினவர் ஆஸ்திரியாவுல இருந்த ஓட்டோ லோவி. 1921-ல ரெண்டு தவளை இதயத்தை வச்சு ஒரு சோதனை. ஒரு இதயத்தோட நரம்பைத் தூண்டினார், அதோட துடிப்பு குறைஞ்சது. அதைச் சுத்தி இருந்த திரவத்தை எடுத்து அடுத்த இதயத்துல விட்டார். அதுவும் மெதுவாச்சு. அப்ப ஏதோ ஒரு ரசாயனம் இருக்கு!

1926-ல அவரும் நவ்ராட்டிலும் சேர்ந்து, பைசோஸ்டிக்மின் அந்த ரசாயனத்தை அழியவிடாம தடுக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதாவது, காலபார் விதை கத்தியை மழுங்கடிக்குது. 1936-ல லோவிக்கு நோபல் கிடைச்சது.

8/
இந்த விஷத்தை மருந்தா மாத்தினது ஒரு பெண் டாக்டர். மேரி வாக்கர். லண்டன் கிரீனிச்ல செயின்ட் ஆல்ஃபெஜ் மருத்துவமனையில வேலை பார்த்தவர்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயில தசைகள் சோர்ந்து இமையே தூக்க முடியாது. 1934-ல அந்த நோயாளிக்கு பைசோஸ்டிக்மின் ஊசி போட்டார். இமை எழும்பிச்சு! கொஞ்ச நேரம்தான். அப்புறம் மறுபடி விழுந்துடுச்சு.

ஏன் கொஞ்ச நேரம்? இங்கதான் பிணைப்பு வருது.

9/
பைசோஸ்டிக்மின், அது குடும்பத்து நியோஸ்டிக்மின் எல்லாம் கார்பமேட் வகை. அதுல இருக்கிற கார்பன் அணு, செரினோட ஆக்சிஜன் கூட சகப்பிணைப்பு போட்டுக்கும். ஆனா இந்தக் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பைத் தண்ணீர் மூலக்கூறே மெல்ல மெல்ல வெட்டிடும். நிமிஷக் கணக்குலயோ சில மணி நேரத்துலயோ நொதி தானாவே விடுதலை ஆயிடும்.

எட்ரோஃபோனியம்னு இன்னொரு மருந்து. அது சகப்பிணைப்பே போடாது. பிளஸ்-மைனஸ் ஈர்ப்பு, ஹைட்ரஜன் பிணைப்பு, அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல போயிடும். மயஸ்தீனியாவைக் கண்டுபிடிக்கும் டெஸ்டுக்கு அது பயன்பட்டதே இந்தக் காரணத்தாலதான்.

10/
நல்ல பாம்பு கடிச்சு, கண் சொருகி, கழுத்து நிக்காம வர்றவங்களுக்கு நாங்க அட்ரோபின் கூட நியோஸ்டிக்மினும் போடறோம் இல்லையா? அது இந்த காலபார் விதையோட வாரிசுதான். அதே நொதியைத்தான் தடுக்குது. தானா அறுந்து போற பிணைப்புங்கறதால அது மருந்து.

அதே ஆக்சிஜன்ல வேற ஒரு தனிமம் வந்து ஒட்டினா என்ன ஆகும்? அது அடுத்த கதை.

11/
ஜெர்மனி. லெவர்குசன் நகரம். ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியில கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் புது பூச்சிக்கொல்லி தேடிக்கிட்டு இருந்தார். பாஸ்பரஸ் சேர்ந்த சேர்மங்களை ஒண்ணொண்ணா செஞ்சு பார்க்கிறார். 1936 டிசம்பர்ல ஒண்ணு கிடைச்சது. பூச்சி உடனே செத்துச்சு.

அடுத்த மாசம் அதுல ஒரு சொட்டு லேப்ல சிந்திடுச்சு. அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி ஊசிமுனையா சுருங்கி, வெளிச்சம் மங்கி, மூச்சு முட்டிச்சு. வாரக்கணக்குல வேலைக்கு வர முடியலை.

அதுக்குப் பேர் பிறகு டாபுன்.

12/
ராணுவத்துக்குப் பயன்படற கண்டுபிடிப்பை அரசுக்குச் சொல்லியே ஆகணும்னு நாஜி ஜெர்மனியில உத்தரவு இருந்தது. சொன்னாங்க. 1938-ல சாரின். 1944-ல ரிச்சர்ட் குன் குழு சோமன். இன்றைய போலந்துல இருக்கிற ஒரு ஊர்ல தொழிற்சாலை போட்டு ஆயிரக்கணக்கான டன் டாபுன் செஞ்சு அடுக்கினாங்க. போர்க்களத்துல பயன்படுத்தலை.

அதே ஷ்ராடர் 1944-ல பாரத்தியானையும் செஞ்சார். போர் முடிஞ்சதும் அது பூச்சி மருந்தா உலகம் முழுக்க வித்துச்சு. நச்சுவாயுவும் வயல்ல அடிக்கிற மருந்தும் ஒரே லேப்ல பிறந்த ஒரே குடும்பம். ஆர்கனோபாஸ்பரஸ். எங்க கேஸ் ஷீட்ல "ஓபி பாய்சனிங்".

13/
இதுல என்ன நடக்குது? பாஸ்பரஸ் அணு, செரினோட ஆக்சிஜன் கூட சகப்பிணைப்பு போடுது. கார்பன் போட்ட பிணைப்பைத் தண்ணீர் வெட்டிடும்னு சொன்னேன் இல்ல? பாஸ்பரஸ்-ஆக்சிஜன் பிணைப்பைத் தண்ணீரால அவ்வளவு சுலபமா வெட்ட முடியாது. நாள் கணக்கு ஆகலாம், நடக்காமலே போகலாம்.

கத்தி நின்னு போச்சு. அசிட்டைல்கோலின் குவியுது. வேர்வை, எச்சில், கண்ணீர் கொட்டுது. கண்மணி சுருங்குது. நுரையீரல்ல நீர் நிரம்புது. தசை துடிதுடிச்சு, கடைசியில ஓய்ஞ்சு மூச்சு நிக்குது.

14/
தனிமங்கள் பண்ற இன்னொரு வேலையைப் பாருங்க. பாரத்தியான் மாதிரி பல பூச்சி மருந்துகள்ல பாஸ்பரஸ் கூட கந்தகம் இரட்டைப் பிணைப்புல இருக்கும். அந்த நிலையில அதுக்குப் பெரிய வீரியம் இல்லை. நம்ம கல்லீரல் அந்தக் கந்தகத்தை எடுத்துட்டு ஆக்சிஜனைப் போட்டுடும். அதுக்கப்புறம்தான் முழு விஷம்.

அதனாலதான் சிலர் வரும்போது "நல்லாத்தானே பேசறான்"னு தோணும். சில மணி நேரம் கழிச்சு சரியுவாங்க. "வாந்தி எடுத்துட்டான், சரியாயிட்டான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்"னு கேட்கிறவங்களை நாங்க விடாததுக்குக் காரணம் இந்தக் கந்தகம்.

15/
இப்ப நம்ம பக்கத்து ஊருக்கு வருவோம். 1958, கேரளா. கப்பல்ல வந்த கோதுமை மாவு கூடவே பாரத்தியானும் ஏற்றப்பட்டிருந்தது. அது கசிஞ்சு உணவுல கலந்துடுச்சு. சாப்பிட்டவங்கள்ல நூறு பேருக்கு மேல செத்தாங்க. யாரும் சாகணும்னு நினைச்சு எதையும் குடிக்கலை. பலகாரம்தான் சாப்பிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்த விசாரணைதான் 1968 பூச்சிக்கொல்லிகள் சட்டத்துக்கு வழி போட்டது. ஆனாலும் 2013-ல பீகார் சாப்ரா பக்கம் பள்ளி மதிய உணவுல மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 பிள்ளைகள் இறந்தாங்க.

16/
சரி, அந்தப் பிணைப்பை வெட்ட முடியாதா?

டேவிட் நாக்மன்சோன். ஜெர்மனியில வேலை பார்த்த யூத உயிர்வேதியியலாளர். ஹிட்லர் வந்த 1933-ல நாட்டை விட்டு பாரீஸ் போய், பிறகு அமெரிக்கா போனார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல அவர் லேப்ல இர்வின் வில்சன் என்ற இளைஞர் சேர்ந்தார்.

வில்சன் யோசிச்சது இதுதான்: தண்ணீரால முடியலைன்னா, தண்ணீரை விட வேகமா பாஸ்பரஸை இழுக்கிற ஒண்ணைக் கொண்டு வந்தா என்ன?

17/
1951-ல ஹைட்ராக்சிலமைன்ங்கற எளிய சேர்மம், செயலிழந்த நொதியை மீட்குதுன்னு காட்டினார். ஆனா அது மெதுவா வேலை செய்யற பொருள்.

நொதியோட குழிக்குள்ள ஒரு பிளஸ் சார்ஜை ஈர்க்கிற இடம் இருக்கு. அசிட்டைல்கோலினும் அப்படித்தான் உள்ள போய் உட்காருது. அதனால, பிளஸ் சார்ஜ் உள்ள ஒரு மூலக்கூறுல வெட்டுற முனையைச் சரியான தூரத்துல பொருத்தினார். 1955-ல வந்தது பிராலிடாக்சிம். நாங்க வார்டுல "பாம்" ஊசின்னு சொல்றது அதுதான்.

18/
அது செய்யற வேலை அழகா இருக்கும். பிளஸ்-மைனஸ் ஈர்ப்பால உள்ள போய் உட்காருது. பாஸ்பரஸைத் தன் ஆக்சிஜன் கூட சகப்பிணைப்பு போட வைக்குது. செரினை விட்டுட்டு பாஸ்பரஸ் இதோட வந்துடும். கத்தி மறுபடி வேலைக்கு ரெடி.

நாஜி ஜெர்மனியில பிறந்த விஷத்துக்கு மாத்து, அங்கிருந்து துரத்தப்பட்டவரோட லேப்ல பிறந்தது. 1958-ல ஜப்பான்ல நம்பா, ஹிராகி என்ற ரெண்டு மருத்துவர்கள் பாரத்தியான் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டாங்க.

இதோட சுபம் போட்டிருக்கலாம். ஆனா பிணைப்பு சும்மா இருக்காது.

19/
இதுதான் த்ரெட்டோட மையம். கவனமா படிங்க.

செரின்ல ஒட்டின பாஸ்பரஸ், நேரம் போகப் போக தன் பக்கத்துல இருக்கிற ஒரு கார்பன் தொகுதியைக் கழட்டி விட்டுடும். கழண்ட இடத்துல மைனஸ் சார்ஜ் உள்ள ஒரு ஆக்சிஜன் நிக்கும். பக்கத்துல நொதியோட ஹிஸ்டிடின் பிளஸ் சார்ஜோட இருக்கு. ரெண்டும் பிடிச்சுக்கும். சகப்பிணைப்புக்கு மேல அயனிப் பிணைப்பு ஒரு பூட்டு போட்ட மாதிரி.

அந்த மைனஸ் சார்ஜ், வெட்ட வர்ற "பாம்" மருந்தையும் கிட்ட விடாது. இதுக்கு மருத்துவத்துல "ஏஜிங்"னு பேரு. முதிர்தல். முதிர்ந்த பிணைப்பை அறுக்க இன்னிக்கும் எங்க கையில மருந்து இல்லை.

20/
முதிர எவ்வளவு நேரம்? பாஸ்பரஸ் கூட எந்தத் தொகுதி இருக்குங்கறதைப் பொறுத்தது.

மீத்தைல் தொகுதி இருந்தா, நொதியில பாதி முதிர ஏறத்தாழ 3.7 மணி நேரம்.
எத்தில் தொகுதி இருந்தா ஏறத்தாழ 33 மணி நேரம்.
சோமன் நச்சுவாயுன்னா சில நிமிஷம்தான்.

ஒரே பாஸ்பரஸ், ஒரே ஆக்சிஜன், ஒரே வகைப் பிணைப்பு. பக்கத்துல ஒட்டியிருக்கிற ஒரு கார்பன் கூடக் குறைய இருக்கிறதால நேரம் இவ்வளவு மாறுது.

இப்பப் புரியுதா? "என்ன மருந்து?"ன்னா எந்தத் தொகுதி. "எத்தனை மணிக்கு?"ன்னா பிணைப்பு எவ்வளவு முதிர்ந்திருக்கும். நாங்க கேட்கிறது விசாரணை இல்லை, கணக்கு.

21/
1991-ல இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்துல ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் குழு இந்த நொதியோட முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டாங்க. மின்சார மீனோட உறுப்புல இருந்து எடுத்த நொதி. ஆழமான குறுகலான கிணறு மாதிரி ஒரு குழி, அடியில அந்த செரின். முப்பது நாப்பது வருஷமா ஊகிச்சது கண்ணால பார்க்கிற படமா வந்துச்சு.

22/
இவ்வளவு தெரிஞ்சும் "பாம்" ஊசி எல்லாரையும் காப்பாத்துதா? நேர்மையா சொல்லணும்.

2006-ல மகாராஷ்டிராவின் பாராமதியில 200 பேர்ல நடந்த ஆய்வு: அதிக அளவைத் தொடர்ச்சியா ஏத்தினவங்கள்ல இறப்பு 1 சதவீதம், விட்டு விட்டுக் கொடுத்தவங்கள்ல 8 சதவீதம்.

2009-ல வெளியான இலங்கை ஆய்வு, 235 பேர்: "பாம்" கொடுத்தவங்கள்ல இறப்பு 24.8 சதவீதம், வெறும் உப்புநீர் கொடுத்தவங்கள்ல 15.8 சதவீதம். பலனே தெரியலை.

23/
ஏன் இப்படி? பாராமதியில ரொம்ப சீக்கிரம் வந்தவங்க அதிகம், தீவிர சிகிச்சை வசதியும் நல்லா இருந்தது. தாமதமா வந்தா பிணைப்பு முதிர்ந்துடும். அளவு அதிகம்னா ஒரு பிணைப்பை வெட்டினதும் ரத்தத்துல இருக்கிற அடுத்த மூலக்கூறு வந்து ஒட்டிக்கும். மருந்துல கலந்திருக்கிற கரைப்பானும் தனியா கெடுதல் பண்ணும்.

டெஸ்ட் ட்யூப்ல ஜெயிச்சது வார்டுல அப்படியே ஜெயிக்கும்னு இல்லை. உயிரைப் பிடிச்சு வைக்கிறது இன்னும் அட்ரோபின், ஆக்சிஜன், வென்டிலேட்டர், ராத்திரி முழுக்கப் பக்கத்துலயே நிக்கிற ஸ்டாஃப் நர்ஸ்.

24/
அட்ரோபின் அந்தப் பிணைப்பைத் தொடவே தொடாது. குவிஞ்ச அசிட்டைல்கோலின் போய் உட்காருற நாற்காலியில முன்னாடியே இது போய் உட்காந்துக்கும். அதுவும் வலு குறைஞ்ச பிணைப்புதான். எழுந்து போயிடும். அதனாலதான் திரும்பத் திரும்பப் போடறோம்.

தசைப் பக்கம் இருக்கிற நாற்காலி வேற மாதிரி, அங்க அட்ரோபின் உட்காராது. அதனால மூச்சுத் தசை ஓய்ஞ்சா வென்டிலேட்டர்தான். உடம்பு புது நொதி செய்யற வரைக்கும் நாள் கணக்கா, சிலருக்கு வாரக் கணக்கா காத்திருக்கணும்.

25/
அப்போ நிறைய உயிரைக் காப்பாத்தினது எது? இலங்கையைப் பாருங்க. 1995-ல உலக சுகாதார நிறுவனம் அதிக ஆபத்துன்னு வகைப்படுத்தின முதல் வகுப்பு பூச்சிக்கொல்லிகளைத் தடை செஞ்சு முடிச்சாங்க. 1998-ல எண்டோசல்ஃபானையும். 2005-க்குள்ள அந்த நாட்டோட தற்கொலை விகிதம் ஏறத்தாழ பாதியாக் குறைஞ்சது.

ஒரு கோப நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல என்ன இருக்குங்கறது உயிரைத் தீர்மானிக்குது. பிழைச்சு எழுந்தவங்கள்ல எத்தனையோ பேர் மறுநாள் காலையில என் கையைப் பிடிச்சு "ஏதோ கோபத்துல பண்ணிட்டேன் சார், வீட்டுக்குப் போகணும்"னு அழுதிருக்காங்க.

26/
ஒரு அப்பாவை மறக்க முடியலை. "எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டேன். "இப்பத்தான் சார், அரை மணி நேரம்." பையனைப் பார்த்தா அப்படித் தெரியலை. மூணாவது தடவை கேட்டப்பதான் சொன்னார். சாயங்காலமே குடிச்சிருக்கான். போலீஸ் கேஸ் ஆயிடும், ஊர் பேசும்னு வீட்டுலயே உப்புத் தண்ணி, புளித் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வச்சிருக்காங்க. ஆறு மணி நேரம்.

அந்தப் பையன் பதினேழு நாள் வென்டிலேட்டர்ல இருந்து பிழைச்சான். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கிறதில்லை.

27/
அதனால தயவு செஞ்சு:

• வாந்தி எடுக்க வைக்காதீங்க. நுரையீரலுக்குள்ள போயிடும். உப்பு, புளி, பால், முட்டை எதுவும் வேண்டாம்.
• நனைஞ்ச துணியைக் கழட்டி, உடம்பை சோப்புத் தண்ணியில கழுவுங்க. கழுவறவங்க தன் கையில படாம பார்த்துக்கணும்.
• இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. 108.
• பாட்டிலைக் கையோட கொண்டு வாங்க. லேபிள் எங்களுக்கு முக்கியம்.
• வயலுக்கு மருந்து அடிச்சுட்டு வந்து வேர்த்துக் கொட்டி மயங்கினாலும் இதே விதிதான்.
• பூச்சி மருந்தை சாப்பாட்டுப் பொருள் பக்கத்துல, குளிர்பான பாட்டில்ல வைக்காதீங்க. பூட்டி வைங்க.

28/
போலீஸ் பயம் உள்ளவங்களுக்கு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்துல இருந்தார்னுதான் கருதணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. நாங்க பதிவு செய்யறது நடைமுறை. அதுக்குப் பயந்து நேரத்தை மறைக்காதீங்க.

மனசு பாரமா இருக்கா? 104-க்கோ, டெலி மானஸ் 14416-க்கோ கூப்பிடுங்க. தமிழ்லயே பேசலாம். யாரும் திட்ட மாட்டாங்க.

29/
அடுத்த தடவை ஒரு டியூட்டி டாக்டர் "எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டா கோபப்படாதீங்க. உண்மையான நேரத்தைச் சொல்லுங்க. அந்த பாஸ்பரஸுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவுல இருக்கிற பிணைப்பு இன்னும் முதிரலைன்னா, அதை வெட்ட எங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு.

விவசாயம் பண்ற வீடுகளுக்கு இதை அனுப்புங்க. நாளைக்கு டியூட்டி. பிறகு பேசலாம்.